வேலி எவ்வளவு உயரம்? டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன மூன்று இடங்கள்

மூன்று இடங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் காலை ஏழே காலுக்கெல்லாம் பன்றி விழுந்துவிட்டது. அதற்கு ஒரு நட்சத்திரம். மூன்றாவது இடத்தில் இரண்டு நாள் நடந்து, முழங்காலில் கள்ளிமுள் ஏறி, வெறுங்கையோடு வீடு வந்தேன். அதற்கு ஐந்து நட்சத்திரம். கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

இடங்களின் பெயரைப் போடப்போவதில்லை. முதல் இரண்டு இடத்துக்காரர்களோடு வம்பு வேண்டாம். மூன்றாவது இடத்துப் பெரியவர், "கூட்டம் வந்தால் என் மாடு மிரளும், எங்கேயும் என் பெயரை எழுதிவிடாதே" என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயரை விட்டுவிட்டு, ஒரு நல்ல இடத்தைப் ஃபோனிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்கிறேன். எனக்கு அது தெரியவர இரண்டு பயணமும் எழுநூறு டாலரும் ஆனது.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் கடலை. காய் பிடிக்கிற நேரம் பார்த்து ராத்திரியில் பன்றி இறங்கும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடிவதற்குள் ஏர் பூட்டி உழுத மாதிரி ஆகிவிடும். தாத்தா பரண் மேல் ஏறி உட்கார்ந்து தகர டின்னைத் தட்டுவார். சின்ன வயதில் நானும் ஏறியிருக்கிறேன். தூங்கி விழுந்து ஒரு தடவை பரணிலிருந்தே விழுந்திருக்கிறேன். பன்றியை ஏதாவது செய்தால் வனத்துறை கேஸ் போடும் என்பதால் டின்னைத் தட்டுவதோடு சரி. துப்பாக்கி என்பதை நான் முதன்முதலாகக் கையில் தொட்டதே அமெரிக்கா வந்து ஆறாவது வருஷம்தான்.

இங்கே கதை வேறு. அமெரிக்காவுக்குப் பன்றியே சொந்தப் பிராணி இல்லை. 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாவில் கப்பலோடு பன்றிகளையும் கொண்டுவந்து இறக்கினார். அதற்குப் பிறகு குடியேறியவர்கள் வளர்த்ததில் தப்பியவை, 1930-களில் வேட்டைக்கென்றே டெக்சஸுக்குக் கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் எல்லாம் கலந்து இப்போது டெக்சஸில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நாடு முழுக்க இவற்றால் ஆண்டுக்குச் சுமார் 250 கோடி டாலர் நஷ்டம் என்று அமெரிக்க விவசாயத் துறை கணக்குச் சொல்கிறது. அதனால் டெக்சஸில் பன்றிக்கு சீசன் கிடையாது, எண்ணிக்கை கட்டுப்பாடு கிடையாது, ராத்திரியிலும் சுடலாம். 2011-லிருந்து ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே சுடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் வேட்டை உரிமம்கூட வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

நம்மில் எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு இருக்கிற சில விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். மாநிலம் "பன்றிக்கு உரிமம் வேண்டாம்" என்கிறது. நம் விசாவோ "உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதே" என்கிறது. ஆக, வேட்டைக்குத் தேவையில்லை என்றாலும் நமக்கு உரிமம் தேவை. பண்ணைக்காரர் இரவல் தருகிற துப்பாக்கிக்கும் இதே கதிதான். டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருப்பவருக்கு உரிமம் 25 டாலர். ஆகஸ்ட் கடைசியோடு காலாவதி ஆகிவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 25 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷம் நின்றதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூடவே வேட்டைப் பயிற்சி வகுப்பையும் ஆன்லைனில் முடித்தேன். பாதி விஷயம் பாதுகாப்பைப் பற்றியது. பார்க்கத் தகுந்தது.

இனி 'ஃபேர் சேஸ்'. வேட்டைக்காரர்கள் இதை ஒரு மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். 1887-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த பூன் அண்ட் கிராக்கெட் சங்கம்தான் இந்தச் சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. சுருக்கமாகச் சொன்னால், விலங்கு தன் இஷ்டத்துக்குத் திரிய வேண்டும். வேட்டையாடுபவன் அளவுக்கு மீறிய சாதகம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விலங்கு தப்பிப்பதற்கு உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த இலக்கணம் வட அமெரிக்காவின் சொந்த விலங்குகளுக்குத்தான். பன்றி வந்தேறி, ஏட்டுப்படி அதற்கு அந்த மரியாதை கிடையாது. ஆனாலும் டெக்சஸில் பாதி விளம்பரங்களில் இந்த இரண்டு வார்த்தை இருக்கும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை.

முதல் இடமும் போட்டிருந்தது. 'ஃபேர் சேஸ்', அதற்குக் கீழேயே '100% உத்தரவாதம், பன்றி இல்லையேல் பணம் இல்லை'. இந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்த புத்தி, உத்தரவாதம் என்றதும் காசு போகாது என்று சந்தோஷப்பட்டது. முந்நூறு டாலர், பன்றியின் எடை 200 பவுண்டுக்கு மேல் போனால் தனிக் கட்டணம்.

விடிகிற நேரத்தில் நான்கு சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாற்பது ஏக்கர் என்றார்கள். சுற்றிலும் எட்டடி உயரத்துக்கு வலைக்கம்பி வேலி. வேலிக்கு அடியில் பன்றி தோண்டிவிடாமல் இன்னொரு வரிசை வலை மடித்துப் புதைத்திருந்தது. ஃபீடர் என்பது மூன்று கால் வைத்த பெரிய பீப்பாய். அடியில் டைமர் வைத்த தட்டு சுழன்று மக்காச்சோளத்தை வீசும். அதிலிருந்து அறுபது கஜத்தில் பலகை அடித்த குடிசை. உள்ளே சுழல் நாற்காலி, ஹீட்டர், காபி. நம்ம ஊர்ப் பரணில் இருந்தது ஒரு கோணிச் சாக்குதான்.

ஏழு மணிக்கு டைமர் சுற்றியது. ஏழு பத்துக்குப் பன்றி வந்தது. ஓடி வரவில்லை, ஒளிந்து வரவில்லை. நடந்து வந்தது. நல்ல கருப்பு, ஆண், இடது காதில் ஒரு துளை, பழைய டேக் கழற்றிய மாதிரி. சோளத்தை மென்றுகொண்டே தலையைத் தூக்கி எங்கள் வண்டி நின்ற பக்கம் பார்த்தது. பயந்து பார்க்கிற பார்வை இல்லை அது. வீட்டு வாசலில் மாடு கழுநீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்குமே, அந்தப் பார்வை. "சுடுங்க, சுடுங்க" என்று பக்கத்தில் இருந்தவர் கிசுகிசுத்தார். சுட்டேன். சுடவில்லை என்று எழுதினால் பெருமையாக இருக்கும், ஆனால் சுட்டேன்.

பன்றியைத் தொங்கவிட்டு உரிக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூண்டு டிரெய்லர் நின்றது. தரையில் காயாத சாணம். எங்கேயோ பொறி வைத்துப் பிடித்ததைக் காசு கொடுத்து வாங்கி, இங்கே இறக்கி, சோளம் போட்டுப் பழக்கி, எனக்கு விற்றிருக்கிறார்கள். இதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. பதிவு செய்த வேட்டைப் பண்ணையில் ஆண் பன்றிகளைக் கொண்டுவந்து விட டெக்சஸ் அனுமதிக்கிறது. பெட்டையை விடக்கூடாது, பெருகிவிடும் என்பதால். அந்தப் பண்ணையின் விளம்பரப் படங்களை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் ஆண். பார்க்கத் தெரிந்தவனுக்கு அதுவே ஒரு துப்பு.

நாற்பது ஏக்கர் கசாப்புக் கடை. அதுதான் என் விமர்சனம். சுத்தமாக உரித்துத் தந்தார்கள், காபி நன்றாக இருந்தது, அதற்காகத்தான் அந்த ஒரு நட்சத்திரம்.

இரண்டாவது இடம் வேகோ ஊர்ப் பக்கம், ராத்திரி வேட்டை. அலுவலகத்தில் இருக்கிற மதுரைக்காரன் இழுத்துக்கொண்டு போனான். "மாப்ள, வீடியோ கேம் மாதிரி இருக்கும்டா" என்றான். அப்படித்தான் இருந்தது. உடம்புச் சூட்டைக் காட்டுகிற தெர்மல் ஸ்கோப்பில் உலகம் சாம்பல் நிறம், பன்றி மட்டும் வெள்ளையாக எரிகிறது. காற்றுக்கு எதிராக வயலோரம் நடக்க வைத்தார்கள், வரிசையாக நிற்க வைத்தார்கள், "மூன்று, இரண்டு, ஒன்று" என்றார்கள். நாலு பேர், பதினொரு பன்றி. பாதியைக் கழுகுக்கு விட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விட்டோம்.

ஆனால் இவர்களைப் பற்றிக் குறை எழுத எனக்கு மனசு வரவில்லை. வழிகாட்டியாக வந்த பையன் முதலிலேயே சொல்லிவிட்டான்: "இது வேட்டை இல்லை சார், பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி." டார்ச் அடித்து வயலைக் காட்டினான். விதைத்து நாலு நாள் ஆன சோள வயல். பன்றி ஒரு சால் பிடித்து, விதை விதையாக, சால் கடைசி வரைக்கும் மூக்காலேயே தோண்டித் தின்றுகொண்டு போயிருந்தது. அப்புறம் அடுத்த சால். தாத்தா இதைப் பார்த்திருந்தால் அந்தப் பையனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்திருப்பார். மூன்று நட்சத்திரம். ஃபேர் சேஸ் என்று அவர்கள் சொல்லவே இல்லை, அந்த நேர்மைக்கு. வேட்டை கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் அங்கே போக வேண்டாம்.

அதற்கப்புறம்தான் ஃபோனை எடுத்தேன். ஒன்பது இடத்துக்குக் கூப்பிட்டேன். முதல் கேள்வி, வேலி எவ்வளவு உயரம். மாட்டு வேலி என்றால் நாலடி, நாலரை அடி. பன்றி அதற்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கும். எட்டடி என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். மூன்று பேர் இதற்கே "எங்கள் பண்ணை ரொம்பப் பெரிசு, வேலியே தெரியாது" என்று பதிலைச் சுற்றி வளைத்தார்கள். வேலி தெரியாது என்றால் வேலி இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தது, பன்றி எங்கிருந்து வருகிறது. "எங்களுக்கு சப்ளை இருக்கிறது" என்றார் ஒருவர், அரிசி மண்டிக்காரர் மாதிரி. கடைசியாக, பன்றி கிடைக்காவிட்டால் என்ன ஆகும். இதற்கு வருகிற பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. பெரியவர் சொன்ன பதில்: "கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போன மாதம் ஆறு பேர் வந்தார்கள், இரண்டு பேருக்குக் கிடைத்தது."

இவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

இடம் மேசன் ஊருக்குப் பக்கத்தில். ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கிற எங்களுக்கு 29-ஆம் சாலையைப் பிடித்தால் லிபர்ட்டி ஹில், பர்னெட், லானோ என்று நேராகப் போய்விடலாம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. லானோவில் பெட்ரோலும் ஐஸும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் போனது ஜனவரி கடைசியில். நவம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரைக்கும் மான் சீசன். பல பண்ணைகளை மான் வேட்டைக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள், பன்றிக்கு ஆளை விடமாட்டார்கள். கோடையில் பகலில் பன்றி வெளியே வராது. அதற்கு வியர்க்காது, ஓடைச் சேற்றில் புதைந்து கிடக்கும். குளிர்காலக் கடைசிதான் தோது.

காரை விட்டு இறங்கியதும் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. மெஸ்கீட் என்று இங்கே சொல்கிற மரம் நம்ம சீமைக் கருவேலத்தின் பங்காளி. அதே முள், அதே காய், அதே திமிர். கீழே சப்பாத்திக் கள்ளி. இரண்டுமே இந்தக் கண்டத்திலிருந்து நம்ம ஊருக்கு வந்தவைதான். பதிலுக்கு நம்ம ஊர்ப் புள்ளிமான் இங்கே வந்திருக்கிறது. 1930-களில் கொண்டுவந்து விட்டது பெருகி, இந்தப் பக்கத்தில் மந்தை மந்தையாகத் திரிகிறது. வாசலில் நின்று ஐந்து புள்ளிமானைப் பார்த்தேன். "உங்கள் ஊர்க்காரர்கள்" என்றார் பெரியவர்.

எழுபது வயது இருக்கும். 'சன்' என்று கூப்பிட்டார், நம்ம கணக்கில் 'தம்பி' என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே பணத்தை வாங்கவில்லை. முதலில் ஒரு காகிதத் தட்டை நூறு கஜத்தில் ஆணியடித்து வைத்தார். முக்காலிக் கம்பில் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று தோட்டா சுடச் சொன்னார். மூன்றும் தட்டில் பட்டால்தான் வேட்டை, இல்லாவிட்டால் வந்த வழி. எனக்கு மூன்றும் பட்டது, ஒன்று ஓரத்தில். அப்புறம் ஒரு அட்டையில் பன்றிப் படம் வரைந்து, எங்கே சுடுவாய் என்று கேட்டார். நான் தோளுக்குப் பின்னால், நடு உடம்பைக் காட்டினேன். தலையாட்டினார். "அது மானுக்கு. பன்றிக்கு நெஞ்சு முன்னால், கீழே இருக்கிறது. நீ காட்டிய இடத்தில் குடல்தான். ராத்திரி முழுக்க ஓடிப் போய் எங்கேயோ சாகும்." முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரம். பெரிய ஆணுக்குத் தோள்மேல் விரற்கடை கனத்துக்குக் கெட்டிச் சவ்வு கவசம் மாதிரி இருக்கும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். முதல் இடத்தில் என் கையில் துப்பாக்கியைக் கொடுத்தபோது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விதிகளைச் சொன்னார். ஃபீடர் இருக்கிறது, மானுக்கு. அதன் பக்கம் உட்காரக் கூடாது. குட்டி பால் குடிக்கிற பெட்டையைச் சுடக்கூடாது. பன்றிக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால் சுடக்கூடாது. அடிபட்டதைக் கண்டுபிடிக்காமல் சாப்பாடு கிடையாது. இரண்டாவது விதியைச் சொல்லும்போது, பக்கத்துப் பண்ணைக்காரர் இதைக் கேட்டால் தன்னைப் பைத்தியம் என்பார் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

விடியலுக்கு அரை மணி முன்னால் கிளம்பினோம். மூன்று டிகிரி குளிர். அவர் கையில் சின்ன பிளாஸ்டிக் குப்பி, அழுத்தினால் மாவு மாதிரி ஒரு தூள் புகையாக வரும். பத்து அடிக்கு ஒரு தடவை அழுத்திக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பன்றிக்குக் கண் மந்தம். அசையாமல் நின்றால் நாற்பது கஜத்தில்கூடத் தப்பிக்கலாம். மூக்கிடம் தப்பவே முடியாது.

ஓடைக்கரையில் ஒரு ஜூனிப்பர் மரம், இங்கே 'சீடார்' என்பார்கள். அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது, பட்டை தேய்ந்து மழமழவென்று. அவர் விரலால் தொட்டுப் பார்த்து, சேற்றிலிருந்து ஒரு மயிரை உருவி என்னிடம் கொடுத்தார். தடிப்பான கருப்பு மயிர், நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. சேறு ஈரம். பத்தடி தள்ளிப் பன்றி புரண்ட குழி. தண்ணீர் இன்னும் தெளியவில்லை, மேலே நுரை. பேசாதே என்று கையைக் காட்டினார்.

அப்புறம் சத்தம் வந்தது. ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தின்கிற சத்தம். பொரிகடலையைக் கடைவாயில் போட்டு மெல்கிற மாதிரி, ஏழெட்டு வாய் ஒன்றாக. நடுநடுவே ஒரு உறுமல், ஒரு குட்டியின் கீச்சு. தவழ்ந்தோம். கள்ளி அப்போதுதான் முழங்காலில் ஏறியது, அப்போது தெரியவில்லை. எண்பது கஜம், எழுபது. புல்லுக்கு மேல் முதுகுகள் தெரிந்தன. ஒரு காது. துப்பாக்கியை முக்காலியில் வைத்தேன். ஓரத்தில் நின்ற ஒரு இளம் பன்றி பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். திரும்பிக்கொண்டிருந்தது.

பிடரியில் சில்லென்று பட்டது. காற்று.

ஒரே ஒரு 'வூஃப்'. அடுத்த வினாடி ஓக் மரத்தடியில் ஒன்றும் இல்லை. ஓடின சத்தம்கூட ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டது. பெரியவர் என் முதுகில் தட்டி, "அதுதான் பன்றி" என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பும் வந்தது. முதல் இடத்தில் பன்றியைச் சுட்டு முடித்தபோதுகூட இந்த நடுக்கம் வரவில்லை.

மறுநாள் இன்னும் மோசம். பன்றியைப் பார்ப்பதற்கு முன்பே புள்ளிமான் எங்களைப் பார்த்து ஒரு கத்து கத்தியது, மலையே எழுந்துவிட்டது. ஊர்க்காரன் என்ற பாசம் துளியும் கிடையாது. மதியம் வரை நடந்தோம், பழைய தடங்கள்தான். 400 டாலர் கொடுத்தேன், இரண்டு நாளைக்கு. அறைக்கு அறுபது தனி. பன்றி விழுந்தால் மேற்கொண்டு கட்டணம் கிடையாது. இது முக்கியம், கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்தால் காசு என்று வைத்திருக்கிற இடத்தில் வழிகாட்டிக்கு நம் கையை அவசரப்படுத்தத் தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. அறையில் வெந்நீர் ஐந்து நிமிஷம்தான். ஃபோன் சிக்னல் கிடையாது, மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் சொல்லாமல் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரியவர் வேகமாக நடப்பார், பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சரிப்பட்டு வராது. காலையில் அவர் போடுகிற காபியைப் பற்றி எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி கடைசியில் மறுபடி போனேன். காற்றுத் தூள் குப்பி வாங்க மறந்துவிட்டேன். காரில் திருநீற்றுப் பொட்டலம் இரண்டு இருந்தது. பழனித் திருநீறு கமகமவென்று மணக்கும், பன்றி ஒரு மைல் தள்ளியே கண்டுபிடித்துவிடும் என்று அதை விட்டுவிட்டு, மணமில்லாத இன்னொன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு சிட்டிகை எடுத்து விட்டால் அழகாகப் பறந்து காட்டுகிறது. பெரியவர் இது என்ன என்று கேட்டார். சாம்பல் என்றேன். "எதை எரித்தது?" பசுஞ்சாணம் என்றதும் ரொம்பத் திருப்தியாகத் தலையாட்டினார், மாட்டுக்காரருக்கு அது புரிந்தது. ஒரு சிட்டிகையை அவரும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஓடையின் மேல் பக்கத்தில் மூன்று இளம் பன்றிகள், குட்டி இல்லாதவை. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, கடைசி வரைக்கும். அறுபத்தைந்து கஜம், பின்னால் ஓடைக்கரை மேடு. '.308' ரகத் துப்பாக்கி, ஒரே தோட்டா. இருபது அடி ஓடி விழுந்தது. கிட்டே போனபோது பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றார். நானும் நின்றேன். பெட்டை, 90 பவுண்டு சொச்சம்.

உரிக்கும்போது கையுறை போடாமல் தொடாதீர்கள். இந்தப் பன்றிகளில் புருசெல்லோசிஸ் கிருமி இருக்கும், ரத்தம் கையில் இருக்கிற கீறல் வழியாக ஏறினால் மாசக்கணக்கில் காய்ச்சல் வாட்டும். கறியை ஐஸ் பெட்டியில் வைத்து, அடியில் இருக்கிற அடைப்பைத் திறந்து விட்டு, தண்ணீர் வடிய வடிய ஐஸை மாற்றி இரண்டு நாள் வைத்தேன். சமைக்கும்போது உள்சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வர வேண்டும். நம்ம சமையலில் அந்தக் கவலையே இல்லை, நாம் வைக்கிற விசிலுக்கு எந்தக் கிருமியும் நிற்காது. சின்ன வெங்காயம், வரமிளகாய், சீரகம், மிளகு, தேங்காய்ச் சில்லு. இளம் பெட்டை என்பதால் வாடை இல்லை. முதல் இடத்து ஆண் பன்றி அடுப்பில் ஏறியதும் வீடே மணத்து, மனைவி ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு டப்பா சுக்காவைப் பெரியவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன், எங்கள் அம்மா அரைத்து அனுப்பிய மிளகாய்த்தூளில் ஒரு பொட்டலமும் சேர்த்து. மறுநாள் செய்தி வந்தது: "இரண்டு டம்ளர் பால் குடித்தேன். தூள் தீர்ந்தால் சொல்கிறேன்." மார்ச்சில் தேதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். கீழ் மேய்ச்சலில் நாலு மாடு கன்று போடக் காத்திருக்கிறதாம். அது முடிந்ததும் கூப்பிடுகிறாராம்.